பதினோராம் நாள், வண்டிக்கு அடியில்

வண்டி வந்து பதினோரு நாள்.
முகப்பில் கட்டிய மாலை காய்ந்து
நாரும் நாலைந்து செவ்வந்திக் காம்பும் மிச்சம்.
இருக்கையின் பாலித்தீனை இன்னும் உரிக்கவில்லை,
உட்கார்ந்தால் சருகில் நண்டு நடக்கிற சத்தம்.
அதற்குள் மூக்கையூர் ஐஸ் கம்பெனி வாசலில்
நம்புகுமார் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறான்,
"அக்கா, வண்டிக்கு மூக்கு ஒழுகுது."

மூக்கில்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின்
ஷாக்கிள் முனை. அங்கே நிப்பிளின் உச்சியில்
மீன்குஞ்சுக் கண் அளவில் குண்டு ஒன்று.
அதன் ஓரமாய்ச் சிவப்பு கிரீஸ் கசிந்து திரண்டு
சொட்டவும் மனமில்லாமல்
உள்ளே போகவும் மனமில்லாமல்.
எட்டில் மூன்று அப்படி.

ராமநாதபுரம் ஷோரூமுக்குப் போன் போட்டேன்.
"புது வண்டிதானே மேடம், ஓட ஓடச் சரியாயிரும்."
கல்யாணமான புதிதில்
மாமியார் சொன்ன அதே வாக்கியம்,
தன் மகனைப் பற்றி.
ஒன்பது வருடம் ஓட்டிப் பார்த்தவள் நான்.

வெளியாள் கை வைத்தால் வாரண்டி போகுமாம்.
வாரண்டிக்குத் தெரியுமா,
ஐஸ் உருகி, உப்பும் மீன்ரத்தமும் கலந்து
பலகை இடுக்கில் வழிகிற தண்ணீர்
எங்கே போய்ச் சேரும் என்று?
நேராக அங்கேதான்.
கிரீஸ் வெளியே வருகிற வாசலில்
உப்பு செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும்.
கச்சான் காற்றில் கொடியில் மறந்த ஊக்கு
ஒரு வாரத்தில் துரு கக்குகிற ஊர் இது.
கெபிக்குப் போட்ட கம்பிக் கதவை
மூன்றாம் தடவை மாற்றியாயிற்று.

ஞாயிறு. கடலுக்கு யாரும் போகாத நாள்.
பூசை முடிந்து வந்து
நைட்டிக்கு மேலே அவர் விட்டுப்போன சட்டையைப் போட்டு
டிவி வந்த அட்டையைப் பிரித்து விரித்து
அடியில் படுத்தேன்.
என் வண்டியை இந்தப் பக்கமிருந்து
நான் பார்த்ததே இல்லை.
ஸ்டிக்கர் இல்லாத, யாருக்கும் காட்டாத பக்கம்.
ஒழுகும் நிப்பிள் ஒவ்வொன்றின் மேலும்
யாரோ சுண்ணக்கட்டியால் போட்ட டிக்.

துடைத்தேன். பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
டீ ஆறுகிற நேரம்கூட இல்லை,
மறுபடி ஒரு பொட்டு.
கழுத்துச் சங்கிலியிலிருந்து ஊக்கை அவிழ்த்து
குண்டின் தலையில் மெதுவாய் அழுத்தினேன்.
இறங்கியது. ஏறும்போது பாதியில் நின்றது.
விளிம்பில் ஏதோ கறுப்பு.
மணல்தான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்,
இங்கே எது பழுதானாலும் முதல் பழி மணலுக்கு.
நகத்தில் எடுத்துப் பார்த்தால் பெயின்ட்.
சேஸிஸுக்கு அடித்த பெயின்ட்,
கடுகில் கால்வாசி,
கதவிடுக்கில் கால் வைத்த பிள்ளை மாதிரி
குண்டை மூடவிடாமல் நின்றபடியே
தொழிற்சாலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கிரீஸ் கன்னை வைத்து இரண்டு அடி.
குண்டு எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதற்கு உள்ளே சுருளே செத்திருந்தது.

சாயல்குடியில் சீனிக்காதர் ஞாயிறும் கடை திறப்பார்.
"எந்த மரை?"
பழையதை நீட்டினேன்.
டிராயரில் நிப்பிள்கள் நெத்திலிக் குவியல்போல.
இரண்டைத் திருகிப் பார்த்து மூன்றாவதைத் தந்தார்.
பதினைந்து ரூபாய்.
மாதத் தவணை பதினான்காயிரத்து முந்நூறு.
இரண்டு தொகையையும் ஒரே மூச்சில் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை,
ரூபாய்க்குச் சில்லறை தேடினார்.

எட்டாம் நம்பர் ஸ்பேனர்.
கையால் போகிற வரை கை,
பிறகு கால் சுற்று.
அதற்கு மேல் ஆசைப்பட்டால் மரை போகும்.

செவ்வாய் விடியக்காலம் மூன்றரை.
சீலா ஆறு பெட்டி, நகரை பதினொன்று.
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்தேன்.
மூன்றும் காய்ந்து கிடந்தன.
நான்காவதில்,
இத்தனை நாள் யோக்கியமாய் இருந்ததில்,
ஒரு பொட்டுச் சிவப்பு.

"என்னக்கா?" பெட்டியோடு நின்றான் நம்புகுமார்.
"ஒண்ணுமில்ல, ஏத்து."
ஏலத்துக்கு ஐந்தரைக்குள் போகவேண்டும்.
ஊக்கு சங்கிலியில்தான் இருக்கிறது.